இனப் பாகுபாடு நடந்தால் எங்கே போவது, என்ன செய்வது: திருகோணமலையிலிருந்து ஒரு முழுமையான வழிகாட்டி

சிங்களத்தில் மட்டும் அடிக்கப்பட்ட கடிதம் ஒன்று வீட்டுக்கு வருகிறது. வாசிக்கத் தெரியாது. லாச்சிக்குள் வைத்துவிட்டு, சிங்களம் தெரிந்த யாராவது வரும்போது கேட்கலாம் என்று விடுகிறோம். இரண்டு மூன்று கிழமை கழித்து ஒருவர் வாசித்துச் சொல்லும்போதுதான், தாத்தா காலத்திலிருந்து விதைத்த வயலுக்குள் இனி இறங்கக் கூடாது என்று அதில் இருப்பது தெரிகிறது. குச்சவெளிப் பக்கம் ஒரு அக்காவுக்கு இப்படித்தான் நடந்தது. அவர் என்னிடம் வந்தபோது கடிதம் கிடைத்து 41 நாள் ஆகியிருந்தது. உயர் நீதிமன்றம் போவதற்குச் சட்டம் அவருக்குக் கொடுத்த காலம் ஒரு மாதம். அதைச் சொன்னபோது அவர் ஒன்றும் பேசாமல் கடிதத்தை மடித்துக் கைப்பைக்குள் வைத்தார். அன்றைக்குத்தான் இதையெல்லாம் ஒரே இடத்தில் எழுதிவைக்க வேண்டும் என்று முடிவெடுத்தேன்.

நான் சட்டத்தரணி இல்லை. 15 வருடமாக வெருகலிலிருந்து புல்மோட்டை வரை ஆட்களோடு அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கி, மனு எழுதிக் கொடுத்து, சட்டத்தரணிகளிடம் கூட்டிப்போய்ப் பழகியவன். அதில் கற்றுக்கொண்டது இது: ஊர் பின்னால் இல்லாத வழக்கு பாதியிலேயே களைத்துப்போகிறது, பேப்பர் இல்லாத போராட்டம் ஒரு கிழமையில் மறந்துபோகிறது. இரண்டையும் சேர்த்து எப்படிக் கொண்டுபோவது என்பதைத்தான் கீழே படிப்படியாக எழுதியிருக்கிறேன்.

முதல் படி: அன்றைக்கே எழுதுங்கள்

ஒரு கொப்பி வாங்குங்கள். என்ன நடந்தது, எந்தத் திகதி, எத்தனை மணி, எந்த அலுவலகம், யார் சொன்னார், அவருடைய பதவி என்ன, பக்கத்தில் யார் நின்றார்கள், சொன்ன வார்த்தை அப்படியே என்ன. "எங்களைக் கேவலமாகப் பேசினார்" என்று எழுதுவதில் பயன் குறைவு, பேசிய வசனத்தை அப்படியே எழுதுங்கள், சிங்களத்தில் சொன்னால் காதில் விழுந்தபடி தமிழ் எழுத்திலேயே எழுதுங்கள். கடிதம் வந்திருந்தால் உறையை எறிய வேண்டாம், தபால் முத்திரைத் திகதி அதில்தான் இருக்கிறது. உறையின் மேல் உங்கள் கைக்குக் கிடைத்த திகதியையும் எழுதி வையுங்கள். போனில் படம் எடுத்திருந்தால் அந்தப் போனிலிருந்து அழிக்காதீர்கள், வேறு இரண்டு பேருக்கு அனுப்பியும் வையுங்கள். நீதிமன்றத்தில் மூலப் பதிவைத்தான் முதலில் கேட்பார்கள்.

படம் எவ்வளவு பெரிய சாட்சி என்பது நம்முடைய ஊருக்குத் தெரியும். 2006 ஜனவரி 2 அன்று திருகோணமலைக் கடற்கரையில் ஐந்து தமிழ் மாணவர்கள் கொல்லப்பட்டபோது, கைக்குண்டு வெடித்து இறந்தார்கள் என்றுதான் முதலில் சொல்லப்பட்டது. பத்திரிகையாளர் சுகிர்தராஜன் பிரேத அறையில் எடுத்த படங்கள்தான் அவை துப்பாக்கிக் காயங்கள் என்று உலகத்துக்குக் காட்டின. அதே மாதம் 24ஆம் திகதி அவரும் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்தப் படங்கள் இல்லாவிட்டால் இன்றைக்கும் பொய்தான் நின்றிருக்கும்.

இப்போது அந்த ஒரு மாதக் கணக்கு. அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரையின்படி அடிப்படை உரிமை மீறல் மனுவை, மீறல் நடந்து ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் போட வேண்டும். விடயம் தெரியவந்த நாளிலிருந்து கணக்கெடுங்கள் என்று வாதாட இடமுண்டு, ஆனால் லாச்சிக்குள் கிடந்த கடிதத்தை வைத்துக்கொண்டு அப்படி வாதாடுவது கஷ்டம். இன்னொரு வழி இருக்கிறது. 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க மனித உரிமைகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 13ஆம் பிரிவின்படி, அந்த ஒரு மாதத்துக்குள் நீங்கள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்திருந்தால், அங்கே விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது. முறைப்பாடு கொடுத்ததற்கான துண்டு மட்டும் கையில் இருந்தால் போதாது, விசாரணை உண்மையில் நடந்துகொண்டிருக்கிறது என்பதையும் காட்டச் சொல்லி நீதிமன்றம் கேட்டிருக்கிறது, ஆகவே ஆணைக்குழு அனுப்பும் ஒவ்வொரு கடிதத்தையும் பத்திரப்படுத்துங்கள். இந்த வழிகாட்டியில் ஒன்றே ஒன்றை மட்டும் ஞாபகம் வைப்பதென்றால் அது இதுவாகவே இருக்கட்டும்: எதற்கும் முதலில், 30 நாளுக்குள், மனித உரிமைகள் ஆணைக்குழு. திருகோணமலையில் அதற்குப் பிராந்திய அலுவலகம் இருக்கிறது, தொலைபேசி அவசர இலக்கம் 1996. சட்டத்தரணி வேண்டாம், காசு வேண்டாம், தமிழிலேயே எழுதிக் கொடுக்கலாம்.

இரண்டாவது: இது அநியாயமா, பாகுபாடா?

எல்லா அநியாயமும் பாகுபாடு ஆகாது. அதிகாரி எல்லாரையும் ஒரே மாதிரி அலைக்கழித்தால் அது வேறு முறைப்பாடு. உங்களை மட்டும், உங்கள் இனத்தை, மதத்தை, மொழியை வைத்து வேறாக நடத்தினால்தான் அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை வருகிறது. 12(1) சட்டத்தின் முன் எல்லாரும் சமம் என்கிறது. 12(2) இனம், மதம், மொழி, சாதி, பால், அரசியற் கொள்கை, பிறந்த இடம் என்ற காரணங்களுக்காகப் பிரஜைகளுக்குப் பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது. பலருக்குத் தெரியாதது 12(3): கடை, பொது உணவகம், ஹோட்டல், பொழுதுபோக்கு இடம், தன் சொந்த மதத்தின் வழிபாட்டிடம் ஆகியவற்றுக்குள் போவதை இனத்தையோ மதத்தையோ மொழியையோ சாதியையோ பாலையோ காரணம் காட்டித் தடுக்க முடியாது.

பாகுபாட்டைக் காட்டுவதற்கு ஒப்பீடு வேண்டும். ஒரே றோட்டில் இரண்டு கிராமம், இரண்டிலும் ஒரே மாதிரியான காணி அனுமதிப்பத்திரம், ஒரு கிராமத்துக்குப் புதுப்பித்துக் கொடுத்துவிட்டு மற்றதுக்கு "மேலிடத்தில் கேட்க வேண்டும்" என்றால், அந்த முதல் கிராமம்தான் உங்கள் சாட்சி. அதனால் உங்களுக்கு என்ன கிடைக்கவில்லை என்று எழுதும்போதே, உங்கள் நிலையில் இருக்கும் வேறு யாருக்கு அது கிடைத்தது என்றும் எழுதுங்கள். "எங்களுக்கு எப்போதும் இப்படித்தான்" என்ற வசனம் எவ்வளவு உண்மையாக இருந்தாலும் மனுவில் அதற்குப் பலம் இல்லை.

மொழி விடயத்தில் சட்டம் இன்னும் தெளிவு. 1987இல் வந்த 13ஆவது திருத்தத்தோடு தமிழும் அரச கரும மொழி. 1988இன் 16ஆவது திருத்தத்துக்குப் பிறகு வடக்கிலும் கிழக்கிலும் தமிழ் நிர்வாக மொழி. அரச அலுவலகம் உங்களுக்கு அனுப்பும் கடிதம் தமிழில் வர வேண்டும் என்று கேட்பது சலுகை கேட்பது ஆகாது. சேருவிலவிலோ கோமரங்கடவலவிலோ மொறவெவவிலோ இருக்கும் அலுவலகமானாலும் உரிமை அதே உரிமைதான்.

மூன்றாவது: தகவல் கேளுங்கள்

எனக்கு மிகவும் பிடித்த ஆயுதம் இது, ஆகவே கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. பிரஜை எவரும் எந்த அரச அலுவலகத்திடமும் கேட்கலாம், ஏன் கேட்கிறீர்கள் என்று அவர்கள் கேட்க முடியாது. ஒவ்வொரு அலுவலகத்திலும் தகவல் அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும். படிவம் இருக்கிறது, ஆனால் படிவம் இல்லாமல் சாதாரண கடிதமாகவும் கொடுக்கலாம், எழுத முடியாதவர் வாயால் சொன்னால் அலுவலர் எழுதிக்கொள்ள வேண்டும். கொடுத்தவுடன் கிடைத்ததற்கு எழுத்தில் அத்தாட்சி வாங்குங்கள், அது இல்லாமல் படி இறங்காதீர்கள்.

14 வேலை நாளுக்குள் தருவோம் அல்லது தரமாட்டோம் என்று முடிவு சொல்ல வேண்டும். தருவதென்று முடிவெடுத்தால் கட்டணம் கட்டிய பிறகு 14 நாளுக்குள் கையில் வர வேண்டும், தேடுவது பெரிய வேலை என்றால் இன்னும் 21 நாள் வரை எடுக்கலாம். ஒருவருடைய உயிரோ சுதந்திரமோ சம்பந்தப்பட்டதென்றால் 48 மணித்தியாலம். மறுத்தால் 14 நாளுக்குள் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு, அதற்கும் சரிவராவிட்டால் இரண்டு மாதத்துக்குள் கொழும்பில் இருக்கும் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு.

என்ன கேட்பது என்பதில்தான் கெட்டித்தனம் இருக்கிறது. "ஏன் எங்களுக்குக் காணி தரவில்லை?" என்று கேட்டால் பதில் வராது, வந்தாலும் பிரயோசனம் இருக்காது. ஆவணத்தைக் கேளுங்கள். குச்சவெளி அக்காவுக்கு நாங்கள் எழுதியது இப்படி: இந்த வயல் தொல்லியல் பிரதேசம் என்று அறிவிக்கப்பட்ட வர்த்தமானியின் இலக்கமும் திகதியும், எல்லை காட்டும் நில அளவை வரைபடத்தின் பிரதி, அந்த எல்லைக்குள் வரும் மற்றக் காணிகளின் விபரம், அவற்றில் எத்தனைக்கு இதே கடிதம் அனுப்பப்பட்டது. நாலு வரி. கடைசிக் கேள்விக்கு வந்த பதிலில்தான், அதே எல்லைக்குள் வேறு காணிகளும் இருந்தும் கடிதம் ஒரு சில குடும்பங்களுக்கு மட்டும் போயிருந்தது வெளியே வந்தது. உயர் நீதிமன்றக் காலம் தவறியிருந்தாலும் அந்தப் பதிலை வைத்துக்கொண்டு வேறு கதவைத் தட்ட முடிந்தது.

தொல்லியலைப் பற்றிப் பேசும்போது இதையும் சொல்ல வேண்டும். 2020 ஜூனில் கிழக்கு மாகாணத் தொல்லியல் மரபுரிமைக்காக ஜனாதிபதிச் செயலணி ஒன்று அமைத்தார்கள். மூன்று இனமும் வாழும் மாகாணம், அமைத்தபோது அதில் ஒரு தமிழரும் இல்லை, ஒரு முஸ்லிமும் இல்லை. 2012 கணக்கெடுப்பின்படி திருகோணமலை மாவட்டத்தில் முஸ்லிம்கள் ஏறத்தாழ 40 வீதம், தமிழர் 30 வீதத்துக்குச் சற்று மேல், சிங்களவர் சுமார் 27 வீதம். முடிவெடுக்கும் மேசையில் யார் இருந்தார்கள், யார் இருக்கவில்லை என்பதையும் பெயர்ப் பட்டியலாகக் கேட்டு வாங்கலாம். அதுவும் ஆவணம்தான்.

நான்காவது: எந்தக் கதவு?

மனித உரிமைகள் ஆணைக்குழு விசாரிக்கும், இரு தரப்பையும் கூப்பிட்டுப் பேசும், பரிந்துரை கொடுக்கும். அந்தப் பரிந்துரை நீதிமன்றக் கட்டளை போலக் கட்டுப்படுத்தாது. அதனால் வீண் என்று நினைக்க வேண்டாம், பிறகு போடும் வழக்கில் அது பலமான காகிதம்.

மொழி உரிமை மீறலுக்கு 1991இன் சட்டத்தால் உருவான அரச கரும மொழிகள் ஆணைக்குழு இருக்கிறது. சிங்களக் கடிதத்தின் பிரதியை இணைத்து, பதிவுத் தபாலில் ஒரு பக்க முறைப்பாடு அனுப்பினால் போதும். ஒரு கடிதத்தால் என்ன வரப்போகிறது என்று சோம்பலாக இருக்கும். 1960களில் கோடீஸ்வரன் என்ற அரசாங்க எழுதுவினைஞர் சிங்களப் பரீட்சைக்குத் தோற்ற மறுத்ததால் நின்றுபோன தன்னுடைய சம்பள உயர்வுக்காக வழக்குப் போட்டார். 1964இல் மாவட்ட நீதிமன்றத்தில் வென்றார், 1967இல் உயர் நீதிமன்றத்தில் தோற்றார், 1969இல், அப்போது நமக்குக் கடைசி மேன்முறையீட்டு நீதிமன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய் அரச ஊழியர் சம்பளத்துக்காக அரசுக்கு எதிராக வழக்குப் போடலாம் என்ற தீர்ப்பை வாங்கினார். தனிச் சிங்களச் சட்டத்தை எதிர்த்து நீதிமன்றத்தில் நின்ற மிகப் பெரிய வழக்கு ஒரு சம்பள உயர்வில்தான் தொடங்கியது.

பொலிஸில் முறைப்பாடு கொடுக்கும்போது ஒரு பழக்கத்தை உடையுங்கள். நீங்கள் தமிழில் சொல்ல, அவர் சிங்களத்தில் எழுத, கடைசியில் "இங்கே கையெழுத்து" என்பார். வைக்காதீர்கள். தமிழில் எழுதச் சொல்லுங்கள், தமிழ் தெரிந்த உத்தியோகத்தர் வரும்வரை இருங்கள், முடியாவிட்டால் நீங்களே தமிழில் எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்து இலக்கம் வாங்குங்கள். பல வருடத்துக்கு முன் என்னுடைய சொந்த முறைப்பாட்டிலேயே, நான் அடிபட்டதாகச் சொன்னது "வாய்த்தர்க்கம்" என்று எழுதப்பட்டிருந்தது. நகல் எடுத்து வாசிப்பித்தபோதுதான் தெரிந்தது, அதற்குள் காலம் கடந்துவிட்டது.

காணியில் எந்தக் கடதாசி வந்திருக்கிறது என்பதைப் பொறுத்துப் பாதை மாறும். அரச காணியிலிருந்து வெளியேறச் சொல்லும் அறிவித்தல் என்றால் அது 1979இன் 7ஆம் இலக்கச் சட்டப்படி நீதவான் நீதிமன்றத்துக்குப் போகும், அங்கே நீங்கள் சொல்லக்கூடியது ஒன்றுதான்: என்னிடம் செல்லுபடியான அனுமதிப்பத்திரம் அல்லது அரசின் எழுத்துமூல அதிகாரம் இருக்கிறது என்பது. பாகுபாடு பற்றிய உங்கள் கதையை நீதவான் அங்கே கேட்க முடியாது. அதனால் அறிவித்தல் வந்தவுடன், நீதவான் நீதிமன்ற அழைப்புக்குக் காத்திராமல், மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் எழுத்தாணை, அதாவது அதிகாரியின் முடிவை நிறுத்தும் அல்லது நீக்கும் கட்டளை, கேட்பதைப் பற்றிச் சட்டத்தரணியிடம் கதையுங்கள். மாகாண மேல் நீதிமன்றம் நமக்குக் கிட்ட இருந்தாலும், அரச காணி மாகாண சபையின் அதிகாரத்துக்குள் வராது என்று 2013இல் உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன பிறகு அந்தக் கதவு இந்த விடயத்தில் மூடியிருக்கிறது. கொழும்புக்குத்தான் போக வேண்டும். இது ஏழை விவசாயிக்குப் பெரிய அநியாயம் என்பது என்னுடைய உறுதியான எண்ணம்.

உயர் நீதிமன்ற மனுவைப் பற்றி இரண்டு வரி. அரச நிர்வாகத்தின் செயலுக்கு எதிராக மட்டும்தான் போடலாம். சத்தியக்கடதாசி ஆங்கிலத்தில் இருந்தால், வரிக்கு வரி தமிழில் விளங்கப்படுத்தச் சொல்லிக் கேட்ட பிறகே சமாதான நீதவான் முன் கையெழுத்து வையுங்கள், அப்படி விளங்கப்படுத்தியதாகவும் அதில் எழுதச் சொல்லுங்கள்.

ஐந்தாவது: சட்டத்தரணி, காசு, இரவு ரயில்

வருமானம் குறைந்தவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது, 1978இன் சட்டத்தால் வந்தது, திருகோணமலையிலும் அதற்கு நிலையம் உண்டு. அடையாள அட்டை, கிராம உத்தியோகத்தரின் வருமானச் சான்று, உங்கள் கொப்பி, கடிதங்களின் பிரதிகள் எல்லாவற்றையும் திகதி வரிசையில் அடுக்கிக் கொண்டு போங்கள். மூலப் பிரதியை யாரிடமும் கொடுத்துவிட்டு வராதீர்கள்.

தனியார் சட்டத்தரணியிடம் போனால் வெட்கப்படாமல் கேளுங்கள்: மொத்தம் எவ்வளவு, ஒவ்வொரு தவணைக்கும் தனியாகவா, கொழும்பில் ஆஜராகிறவர் யார், அடுத்த தவணைத் திகதியை எனக்கு யார் சொல்வார். நம்முடைய ஆட்கள் சட்டத்தரணிக்கு முன்னால் தலையாட்டிவிட்டு வெளியே வந்து என்னிடம் "அவர் என்ன தம்பி சொன்னவர்?" என்று கேட்பார்கள். உள்ளேயே கேட்க வேண்டும். படித்தவரைக் கூட்டிப்போவதைவிட நடந்ததை நேரில் கண்டவரைக் கூட்டிப்போவது நல்லது.

கொழும்பு வழக்கு என்றால் இரவு ரயில், காலைச் சாப்பாடு, அன்றைய கூலி இழப்பு, எல்லாம் சேரும். அந்தச் செலவை ஒரு குடும்பத்தின் தலையில் விட்டால் மூன்றாவது தவணையோடு அவர்கள் நின்றுவிடுவார்கள், இதை நான் திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறேன். இங்கேதான் ஊர் வருகிறது.

ஆறாவது: ஊரைச் சேர்ப்பது

அமெரிக்காவில் மொன்ட்கொமரி நகரத்துக் கறுப்பின மக்கள் 1955 டிசம்பர் 5 தொடக்கம் 381 நாள் பஸ்ஸில் ஏறாமல் நடந்தார்கள். எல்லாருக்கும் தெரிந்த கதை. பலருக்குத் தெரியாதது, அதே நேரத்தில் நாலு பெண்கள் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டிருந்தார்கள் என்பது. 1956 நவம்பரில் அந்த வழக்கில்தான் அந்நாட்டு உயர் நீதிமன்றம் பஸ்ஸில் இனம் பிரித்து இருத்துவது செல்லாது என்பதை உறுதி செய்தது. நடந்தவர்கள் இல்லாவிட்டால் வழக்குத் தாங்கியிராது, வழக்கு இல்லாவிட்டால் நடந்ததற்குக் கட்டளை கிடைத்திராது.

நம்முடைய ஊரிலேயே கன்னியா இருக்கிறது. ஏழு வெந்நீர்க் கிணறு, தலைமுறையாக அந்தியேட்டிக்குப் போன இடம். அங்கே பழைய பிள்ளையார் கோயில் இருந்த இடத்தில் விகாரை கட்டப் போகிறார்கள் என்று வந்தபோது, 2019 ஜூலை 16 அன்று மக்கள் திரண்டார்கள், அமைதியாகப் போன தென்கயிலை ஆதீன முதல்வர் மீது சுடுதேநீர் ஊற்றப்பட்டது. எல்லாருக்கும் கொதித்தது. ஆனால் அந்தக் கோபத்தைக் காகிதமாக்கத் தெரிந்தவர்கள் இருந்தார்கள். காணி உரித்துக் கடதாசிகளோடு திருகோணமலை மேல் நீதிமன்றத்துக்குப் போய், ஒரு கிழமைக்குள் கட்டுமானத்துக்கு இடைக்காலத் தடை வாங்கினார்கள்.

சம்பூர் இன்னும் நீண்ட கதை. 2006இல் ஷெல்லடிக்குள் ஓடிய சனம், கிளிவெட்டி முகாம்களில் வருடக்கணக்காக இருந்தது. திரும்பிப் போகப் பார்த்தால் காணி முதலீட்டு வலயமாகவும் கடற்படை முகாமாகவும் ஆகியிருந்தது. வழக்குப் போட்டார்கள், முகாமிலிருந்தே கூட்டங்கூட்டமாகப் போய்க் கேட்டார்கள், கடைசியில் 2015 மேயில் 818 ஏக்கரை விடுவித்து ஜனாதிபதி வர்த்தமானியை மாற்றினார். முதலீட்டு நிறுவனம் உயர் நீதிமன்றம் போய் இடைக்காலத் தடை வாங்கியது, அது நீங்கிய பிறகு ஆகஸ்டில் சனம் காணிக்குள் போனது. ஒன்பது வருடம். அந்த ஒன்பது வருடமும் முகாமுக்குள் உறுதிகளையும் அனுமதிப்பத்திரங்களையும் பொலித்தீன் பையில் சுற்றிக் காத்த அம்மாமாரைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

சரி, நடைமுறையில் என்ன செய்வது? முதல் கூட்டத்தைப் பெரிதாக வைக்காதீர்கள். பாதிக்கப்பட்ட குடும்பங்கள், கிராம அபிவிருத்திச் சங்கம், மாதர் சங்கம், கோயில் பரிபாலன சபை, பள்ளிவாசல் நிர்வாகம், கடற்கரை ஊரென்றால் மீனவர் சங்கம், ஒவ்வொன்றிலும் இரண்டு பேர். அரசியல்வாதியை முதல் கூட்டத்துக்குக் கூப்பிட வேண்டாம், அவர் வந்தால் கூட்டம் அவருடையதாகிவிடும். பிறகு தேவைக்குக் கூப்பிடலாம். கூட்டத்தில் மூன்று பொறுப்பைப் பிரித்துக் கொடுங்கள்: ஒருவர் கொப்பியும் கோவையும் பார்ப்பார், ஒருவர் காசுக் கணக்கு, ஒருவர் தவணைத் திகதிகளை எல்லாருக்கும் அறிவிப்பார். கொப்பிப் பொறுப்பை முடிந்தால் ஒரு பெண்ணிடம் கொடுங்கள். ஆண்கள் கடலுக்கும் கூலிக்கும் போய்விடுவார்கள், கடிதம் கொண்டுவரும் தபால்காரரைக் காண்பது வீட்டில் இருப்பவர்கள்தான்.

கணக்கைக் கிழமைக்கு ஒருமுறை எல்லாரும் பார்க்கும் இடத்தில் ஒட்டுங்கள். 500 ரூபாய்ச் சந்தேகத்தில் உடைந்துபோன நல்ல குழுக்கள் எனக்குத் தெரியும்.

ஊர்வலம் போவதென்றால் குறைந்தது 6 மணித்தியாலத்துக்கு முன் பக்கத்துப் பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரிக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும் என்று பொலிஸ் கட்டளைச் சட்டம் சொல்கிறது. அறிவித்ததற்குக் கையெழுத்து வாங்கி வையுங்கள்.

பக்கத்து சிங்களக் கிராமத்தோடும் கதையுங்கள். அவர்களுடைய வயலுக்கும் அதே திணைக்களம் எல்லைக்கல் போட்டிருக்கக்கூடும், அவர்களுடைய மீன்பிடிக்கும் அதே தடை இருக்கக்கூடும். ஒருமுறை தம்பலகாமம் பக்கம் குளத்துத் தண்ணீர் விடயத்தில் மூன்று இன விவசாயிகளும் ஒரே கடிதத்தில் கையெழுத்து வைத்தபோது, அதுவரை வெளியே வராத அதிகாரி கதிரையை விட்டு எழும்பி வந்ததை நான் பார்த்தேன்.

ஏழாவது: நாமே செய்யும்போது

இதை எழுதாமல் விட்டால் மற்றதெல்லாம் பொய்யாகிவிடும். 2018இல் திருகோணமலை நகரத்துப் பெண்கள் பாடசாலை ஒன்றில் முஸ்லிம் ஆசிரியைகள் அபாயா அணிந்து வருவதை எதிர்த்துத் தமிழ்ப் பெற்றோர் வாசலில் நின்றார்கள். மனித உரிமைகள் ஆணைக்குழு ஆசிரியைகளின் உரிமையை ஏற்றது. 2022இல் பிரச்சினை மறுபடி வெடித்து நீதிமன்றம் வரை போனது. நமக்கு 12ஆம் உறுப்புரை எப்படியோ அந்த ஆசிரியைகளுக்கும் அப்படித்தான். கன்னியாவில் நம் வழிபாட்டு உரிமைக்கு நின்றவர்கள் அங்கேயும் அதே பக்கத்தில் நின்றிருக்க வேண்டும். நின்றவர்கள் சிலர்தான்.

சாதியும் அப்படியே. கோயிலிலும் கடையிலும் சாதியைச் சொல்லி ஒருவரைத் தடுப்பது 1957இன் 21ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டப்படி குற்றம். உங்கள் குழுவிலேயே யார் கதிரையில் இருக்கிறார்கள், யார் பின்னால் நிற்கிறார்கள் என்று ஒருமுறை பாருங்கள்.

எட்டாவது: பாதுகாப்பு

முகநூலில் கோபத்தைக் கொட்டுவதற்கு முன் நில்லுங்கள். இன, மத வெறுப்பைத் தூண்டுவதற்கு எதிரான 2007இன் 56ஆம் இலக்கச் சட்டத்தின் 3ஆம் பிரிவு நம்மைக் காக்க வந்தது, ஆனால் அதை வைத்தே நியாயம் பேசியவர்களையும் பிடித்திருக்கிறார்கள். ஓய்வுபெற்ற அரச ஊழியர் ரம்ஸி ராசிக் முஸ்லிம்களுக்கு எதிரான வெறுப்பைப் பேனாவாலும் விசைப்பலகையாலும் எதிர்கொள்ளச் சொல்லி எழுதிய பதிவுக்காக 2020 ஏப்ரலில் கைதாகி ஐந்து மாதம் உள்ளே இருந்தார். அந்தக் கைது அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றம் சொன்னது 2023இல். அதனால் பொதுவில் எழுதும்போது ஆதாரம் இருப்பதை மட்டும் எழுதுங்கள், செயலைச் சொல்லுங்கள், ஒரு இனம் முழுவதையும் திட்டாதீர்கள். அது சட்டத்துக்குப் பயந்து மட்டும் இல்லை, அப்படித் திட்டுவது தவறு.

சாட்சிகளைக் காப்பது இதைவிட முக்கியம். கடற்கரையில் கொல்லப்பட்ட மாணவர்களின் வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்ட 13 பேரும் 2019 ஜூலை 3 அன்று திருகோணமலை நீதிமன்றத்தால் விடுவிக்கப்பட்டார்கள், போதிய சாட்சியம் இல்லை என்று. பேசியிருக்கக்கூடியவர்கள் பயத்தில் நாட்டை விட்டே போயிருந்தார்கள். 1996 பெப்ரவரி 11 அன்று குமாரபுரத்தில் இருபதுக்கு மேற்பட்ட தமிழர்கள் கொல்லப்பட்ட வழக்கு அநுராதபுரத்துக்கு மாற்றப்பட்டு, 2016 ஜூலையில் ஆறு இராணுவத்தினரும் விடுதலையானார்கள். இந்த இரண்டிலிருந்தும் நான் எடுப்பது: சாட்சியின் வாக்குமூலத்தைக் காலம் தாழ்த்தாமல் சத்தியக்கடதாசியாக எழுதி வையுங்கள், மிரட்டல் வந்தால் ஒவ்வொரு தடவையும் திகதியோடு முறைப்பாடு செய்யுங்கள், குற்றத்தால் பாதிக்கப்பட்டோரையும் சாட்சிகளையும் பாதுகாக்கும் சட்டம் 2015இலிருந்து இருக்கிறது, 2023இல் புதிதாக இயற்றப்பட்டது, அதன்கீழ்ப் பாதுகாப்புக் கேட்கலாம் என்று சட்டத்தரணியிடம் சொல்லுங்கள். தனியாகத் தவணைக்கு அனுப்பாதீர்கள். இரண்டு பேர் கூடப் போய் நீதிமன்ற வாங்கில் இருந்தாலே போதும், சாட்சிக் கூட்டில் நிற்பவருக்கு அது தெரியும்.

ஒன்பதாவது: கட்டளை கிடைத்த பிறகு

வென்றால் பட்டாசு கொளுத்திவிட்டுக் கலைந்துபோகிறோம். அடுத்த கிழமை புது அதிகாரி வருகிறார், கட்டளையைக் கண்டதே இல்லை என்கிறார். ஆகவே தீர்ப்பு வந்த கையோடு உறுதிப்படுத்திய பிரதி ஐந்து எடுங்கள். ஒன்று பிரதேச செயலகத்துக்கு, ஒன்று பொலிஸ் நிலையத்துக்கு, ஒன்று சம்பந்தப்பட்ட திணைக்களத்தின் மாவட்ட அலுவலகத்துக்கு, மூன்றையும் பதிவுத் தபாலில் அனுப்பித் துண்டைக் கோவையில் ஒட்டுங்கள். தமிழில் ஒரு பக்கச் சுருக்கம் எழுதி அச்சடித்து ஊரில் வீட்டுக்கு வீடு கொடுங்கள், எல்லை எது, யார் எதைச் செய்யக் கூடாது, மீறினால் எந்த இலக்கத்துக்கு அழைப்பது என்று. நாலாவது பிரதி சட்டத்தரணியிடம் இருக்கட்டும். ஐந்தாவதைக் கொப்பிப் பொறுப்பாளரின் வீட்டில், வெள்ளம் எட்டாத உயரத்தில் வையுங்கள். மார்கழி மழையில் வெருகல் பக்கம் ஒரு குழுவின் கோவை முழுதாக நனைந்துபோய், மறுபடி ஒவ்வொரு அலுவலகமாக ஏறி இறங்கிச் சேர்க்க எங்களுக்கு எட்டு மாதம் எடுத்தது.